தேர்வு யாருடையது?
தோட்டத் தொழிலாளரின் மருத்துவ உரிமையும் காப்பீட்டுப் போட்டியும்

(இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சட்டப் புத்தகத்தில் ஒரு சொல் நுழைவதற்கு மை அதிகம் செலவாவதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் பல்லாயிரம் குடும்பங்களின் உரிமையைக் கரைத்துவிடக்கூடும். தோட்டத் தொழிலாளரின் மருத்துவ உரிமையில் இன்று அப்படி நுழைந்திருக்கும் சொல் ‘அல்லது’.

1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 10 ஆவது பிரிவில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளருக்கும் குடும்பத்தாருக்கும் எளிதில் கிடைக்கும் வகையில் மருத்துவ வசதி ஏற்படுத்தப்பட வேண்டும், பராமரிக்கப்பட வேண்டும் என்று அது கூறியது. முதலாளி அதைச் செய்யத் தவறினால், தலைமை ஆய்வாளரே அந்த வசதியை ஏற்படுத்திச் செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றும் கூறியது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம் என அனைத்துத் தோட்டங்களுக்கும் அச்சட்டம் பொருந்தியது. தோட்ட மருத்துவமனையும் டிஸ்பென்சரியும் நிர்வாகத்தின் தயவால் கிடைத்த தானமல்ல. மலையில் காடழித்து, லயத்தில் அடைபட்டு, அட்டைக்கும் குளிருக்கும் உடலைக் கொடுத்த தலைமுறைகள் சட்டத்தின் வழியாகப் பெற்ற பதில் அது.

2019 இலும் 2020 இலும் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்த நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அந்தப் பழைய சட்டத்தை ரத்து செய்கின்றன. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பின் 92 ஆவது பிரிவு தோட்ட முதலாளியின் கடமையை இவ்வாறு மாற்றி எழுதுகிறது: தொழிலாளருக்கும் குடும்பத்துக்கும் சுகாதார வசதி அளிக்க வேண்டும், அல்லது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் நான்காம் அத்தியாயத்தின்கீழ், அதாவது இஎஸ்ஐயின்கீழ், அவர்களைக் கொண்டுவர வேண்டும். அதே பிரிவில் இன்னொரு ‘அல்லது’வும் உண்டு. நலவசதிகளை முதலாளி தன் சொந்தப் பணத்தில் செய்யலாம், அல்லது ஒன்றிய, மாநில அரசுகளும் நகராட்சியும் பஞ்சாயத்தும் நடத்தும் திட்டங்கள் வாயிலாகச் செய்யலாம்.

தேர்வுரிமை என்ற சொல் கேட்பதற்கு இனிமையானது. யார் தேர்வு செய்கிறார் என்பதே கேள்வி. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. இஎஸ்ஐயில் சேர விருப்பம் தெரிவிக்க வேண்டியவர் தோட்ட முதலாளி. தான் தருவதைவிட இஎஸ்ஐயின் பயன் மேலானதாக இருந்தால் சேரலாம் என்கிறது சட்டம். எது மேலானது என்று சொல்லும் வாய்ப்பு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அங்கே தரப்படவில்லை.

வாடிக்கையாளரும் பிணைக்கைதியும்

இந்த ‘அல்லது’ திடீரென்று முளைத்ததல்ல. இதன் வேரைப் பார்க்க 2015 பிப்ரவரி 28 க்குச் செல்ல வேண்டும். அன்று நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த ஒன்றிய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, வைப்புநிதியும் இஎஸ்ஐயும் வாடிக்கையாளர்களை வைத்திருக்கவில்லை, பிணைக்கைதிகளையே வைத்திருக்கின்றன என்ற பொருள்படப் பேசினார். இஎஸ்ஐ வேண்டுமா, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அங்கீகரித்த மருத்துவக் காப்பீடு வேண்டுமா என்று தொழிலாளியே தேர்வு செய்துகொள்ளத் திருத்தம் கொண்டுவரப்படும் என்று அறிவித்தார். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்த ஆண்டு செப்டம்பர் 2 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடந்தது. அந்த யோசனை சட்டமாகவில்லை. ஆனால் அது கைவிடப்படவும் இல்லை. நிதி ஆயோக் 2019 இலும் 2021 இலும் வெளியிட்ட ஆவணங்களில், அரசு மருத்துவம் அளிப்பதைக் குறைத்து மருத்துவத்தை ‘வாங்குபவராக’ மாற வேண்டும் என்ற அதே சிந்தனை வேறு சொற்களில் தொடர்ந்தது.

இஎஸ்ஐ எப்படிப் பிறந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீடு குறித்துப் பேராசிரியர் அடார்க்கர் 1944 இல் அறிக்கை அளித்தார். 1948 இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. அதன் அடிப்படை எளியது: ஊதியத்துக்கு ஏற்பப் பங்களிப்பு, நோய்க்கு ஏற்ப மருத்துவம். 20 வயதுத் தொழிலாளிக்கும் 55 வயதுத் தொழிலாளிக்கும் ஒரே விகிதம். சர்க்கரை இருக்கிறதா, இதயநோய் இருக்கிறதா என்று சேரும்போது யாரும் சோதிப்பதில்லை. நோயுற்றுப் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம், பேறுகாலத்தில் 26 வாரம் முழு ஊதியம், வேலையில் ஊனமுற்றால் உதவித்தொகை, இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம். இவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தரும் தனியார் பாலிசி இந்தியச் சந்தையில் இல்லை.

அந்த இஎஸ்ஐக்கான பங்களிப்பை 2019 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசு 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. முதலாளியின் பங்கு 4.75 இலிருந்து 3.25 ஆனது. ஒரு பக்கம் வருவாயைக் குறைப்பது, மறுபக்கம் சேவை சரியில்லை என்று குறை சொல்வது, பிறகு வெளியே போக வழி திறப்பது: பொதுத்துறைகள் பலவற்றில் கையாளப்பட்ட வரிசைதான் இது.

கோட்பாட்டின் பிறப்பிடம்

தொழிலாளிக்குத் தேர்வு கொடுத்தால் காப்பீட்டு நிறுவனங்கள் போட்டியிடும், போட்டியால் விலை குறையும், தரம் உயரும் என்ற வாதத்துக்குப் பொருளியலில் ‘நெறிப்படுத்தப்பட்ட போட்டி’ என்று பெயர். அதை வகுத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஆலன் எந்தோவன். வியட்நாம் போர்க்காலத்தில் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாராவின்கீழ்ப் பென்டகனில் பணியாற்றியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1977 இல் கார்ட்டர் அரசுக்கு அவர் இத்திட்டத்தை முன்வைத்தார். 1985 இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரப் பணியைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல், தாட்சர் அரசு வகுத்து, 1990 களில் அங்கே நடைமுறைக்கு வந்த ‘உள்சந்தை’க்குத் தூண்டுதலானது. 1993 இல் கிளிண்டன் முன்வைத்த அமெரிக்கச் சுகாதாரத் திட்டமும் இக்கோட்பாட்டின் மீதே கட்டப்பட்டது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது.

எதிர்வாதத்தை அதன் வலுவான வடிவில் கேட்பதே நேர்மை. கட்டுப்பாடற்ற காப்பீட்டுச் சந்தை மருத்துவத்துக்கு உதவாது என்பதை எந்தோவனே ஒப்புக்கொள்கிறார். அதனால்தான் ‘நெறிப்படுத்தப்பட்ட’ என்ற அடைமொழி. எந்த நிறுவனமும் விண்ணப்பிப்பவரை மறுக்கக் கூடாது. நோயாளிக்கும் நலமானவருக்கும் ஒரே சந்தா. நோயாளிகளை அதிகம் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குப் பொதுநிதியிலிருந்து ஈடு. ஆண்டுதோறும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. இத்தனையையும் கண்காணிக்க வலுவான ஒரு பொது அமைப்பு. இவை அனைத்தும் இருந்தால் போட்டி நன்மை செய்யும் என்பது வாதம்.

இவை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு தோட்டக் கணக்கால் விளக்கலாம். ஒரு டிவிஷனில் 100 தொழிலாளர் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு மருத்துவச் செலவு மொத்தம் 4 லட்சம் ரூபாய். அதில் முதியோரும் நோயுற்றோருமான 20 பேருக்கு 3 லட்சம் ஆகிறது. நலமான 80 பேருக்கு 1 லட்சம், அதாவது ஆளுக்கு 1,250 ரூபாய். எல்லோரும் ஒரே நிதியில் இருந்தால் ஆளுக்கு 4,000 ரூபாய். இப்போது ஒரு தனியார் நிறுவனம் வந்து, நலமானவர்களுக்கு மட்டும் 2,500 ரூபாயில் காப்பீடு என்கிறது. 80 பேரில் 60 பேர் போய்விடுகிறார்கள். நிறுவனத்துக்கு வரவு 1,50,000, செலவு 75,000, பாதி லாபம். பழைய நிதியில் எஞ்சிய 40 பேரின் செலவு 3,25,000. தலைக்கு 8,125 ரூபாய். ஒருவரும் கூடுதலாக நோயுறவில்லை, ஒரு மருந்துகூட விலை ஏறவில்லை. ஆனாலும் நோயாளியின் சுமை இரு மடங்காகிவிட்டது. அடுத்த ஆண்டு எஞ்சிய 20 நலமானவர்களும் வெளியேறுவார்கள். பிறகு நிதி திவாலாகும். பொதுத்துறை தோற்றுவிட்டது என்று அப்போது தலையங்கம் எழுதப்படும்.

இந்திய நிலையில் ஜேட்லி அறிவித்த தேர்வு இத்தகையதே. இங்குள்ள தனியார் மருத்துவக் காப்பீட்டில் வயது கூடக் கூடச் சந்தா கூடுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிக்கப்படுகிறது. அதை 4 ஆண்டிலிருந்து அதிகபட்சம் 3 ஆண்டாக ஒழுங்குமுறை ஆணையம் குறைத்ததே 2024 இல்தான். போட்டி இருந்தது. நெறிப்படுத்தல் இல்லை.

இரு நாடுகளின் அனுபவம்

நெறிப்படுத்தல் முழுமையாக முயலப்பட்ட நாடு நெதர்லாந்து. 1987 இல் டெக்கர் குழு பரிந்துரைத்தது. 2006 ஜனவரி 1 அன்றுதான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 19 ஆண்டுகளில், எந்த வயதில், எந்த நோய்க்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு நிறுவனங்களுக்கிடையே ஈடு செய்யும் ஏற்பாட்டைக் கட்டினார்கள். எவரையும் மறுக்க முடியாது, அடிப்படைத் திட்டத்தில் ஒரு நிறுவனம் எல்லோருக்கும் ஒரே சந்தா வாங்க வேண்டும் என்ற விதிகள் அங்கே உண்மையாகவே அமலாகின்றன. அதன் நற்பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டில் குடும்ப மருத்துவரும் மருத்துவமனையும் சீர்திருத்தத்துக்கு முன்பே ஊர்தோறும் இருந்தன. அப்படியிருந்தும் இன்று நான்கு பெரும் குழுமங்கள் சந்தையின் எண்பது சதவீதத்துக்கும் மேல் கையில் வைத்துள்ளன. நோயாளி முதலில் தானே செலுத்த வேண்டிய கட்டாயத் தொகை 2008 இல் 150 யூரோவாக இருந்து 2016 இல் 385 யூரோவாக உயர்ந்தது. 2018 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்லோட்டர்வார்ட் மருத்துவமனை திவாலாகி, நோயாளிகள் அவசரமாக வேறிடம் மாற்றப்பட்டார்கள். அதே உரிமையாளரின்கீழ் லெலிஸ்டாட் நகரில் இருந்த மருத்துவமனையும் அப்போது திவாலானது. சந்தையில் தோற்ற கடை மூடப்படும் என்பது விதி. மருத்துவமனை கடையாகிவிட்டால் அதற்கும் அதுவே விதி.

இந்திய நிலைக்கு நெருக்கமான கண்ணாடி கொலம்பியா. 1993 ஆம் ஆண்டின் 100 ஆவது சட்டம் அங்கே காப்பீட்டு நிறுவனங்களைப் போட்டியிடச் செய்தது. நான்கில் ஒருவருக்கே இருந்த காப்பீடு பின்னர் 95 சதவீதத்தைத் தாண்டியது. அட்டை எல்லோர் கைக்கும் வந்தது, ஏழைகள் முன்பைவிட மருத்துவத்தை அணுகினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அட்டையைக் காட்டியும் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடி லட்சக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2008 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டு, ஊதியம் பெறுவோருக்கும் ஏழைகளுக்கும் வெவ்வேறாக இருந்த பயன்களைச் சமப்படுத்த ஆணையிட வேண்டியிருந்தது. மிகப்பெரிய நிறுவனமான சாலுட்கூப்பை 2011 இல் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. 2015 இல் அதைக் கலைத்தது. குஸ்தாவோ பெட்ரோவின் இடதுசாரி அரசு கொண்டுவந்த மாற்றுச் சட்டத்தை 2024 ஏப்ரலில் செனட் குழு முடக்கியது. ஒருமுறை சந்தையிடம் ஒப்படைத்ததைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது பாடம்.

சூரியநெல்லியில் யார் போட்டியிடுவார்?

போட்டி நடக்க எத்தனை பேர் வேண்டும்? இக்கேள்விக்கு 1993 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று விடை கண்டது. ஒன்றையொன்று சாராத மூன்று மருத்துவத் திட்டங்கள் போட்டியிட வேண்டுமானால் ஒரு வட்டாரத்தில் 12 லட்சம் மக்களாவது வாழ வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. அதைவிடச் சிறிய இடங்களில் மருத்துவமனைகளைப் பகிர்ந்துகொள்ள நேரும். மிகச் சிறிய இடங்களில் போட்டி என்ற பேச்சுக்கே பொருளில்லை.

2011 கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்டம் முழுவதற்கும் மக்கள்தொகை 11,08,974. ரயில் பாதையே இல்லாத மாவட்டம். சின்னக்கானல் பஞ்சாயத்தின் ஒரு மூலையில் சூரியநெல்லி. இங்கே நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அவருக்குத் தேவை மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியலல்ல. யானை மறிக்காத பாதை, ஒரு வண்டி, விழித்திருக்கும் ஒரு மருத்துவர், இயங்கும் ஒரு இசிஜி கருவி. மேற்கே போனால் மூணாறு, அடிமாலி, அதற்கப்பால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி. கிழக்கே போனால் போடிமெட்டு மலைச்சாலை இறங்கித் தேனி. இந்த வரைபடத்தைக் காப்பீட்டு அட்டை மாற்றாது. எந்த நிறுவனத்தின் அட்டையை வைத்திருந்தாலும் கொண்டைஊசி வளைவுகளின் எண்ணிக்கை ஒன்றுதான்.

தோட்ட மருத்துவமனையின் அருமை இங்கேதான் விளங்குகிறது. அது லாபம் தரும் இடம் பார்த்து அமைந்ததல்ல. தொழிலாளி வாழும் இடத்தில் அமைய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியதால் அமைந்தது. எந்தப் போட்டியும் இந்த மலையில் ஒரு மருத்துவமனையைத் திறக்காது. கடமை மட்டுமே திறக்கும்.

இஎஸ்ஐ என்ற மாற்று இங்கே என்ன கொண்டுவரும் என்பதையும் கணக்கிட வேண்டும். தோட்ட மருத்துவத்துக்குத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்தம் கிடையாது. இஎஸ்ஐயில் 0.75 சதவீதம் பிடித்தம் உண்டு. பதிலுக்கு நோய்க்கால ஊதியமும் ஊனமுற்றோர் உதவியும் கிடைக்குமானால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் மலைமேல் இஎஸ்ஐ மருந்தகம் திறக்கப்படாமல், தோட்ட மருத்துவமனை மட்டும் மூடப்பட்டால் என்ன ஆகும்? இஎஸ்ஐ தன் பயனாளிகளை ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு பல மாவட்டங்களுக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்டுள்ளது. முதலாளியின் கடமை இஎஸ்ஐக்கு, இஎஸ்ஐயின் கடமை காப்பீட்டுப் பட்டியலுக்கு, பட்டியலின் கடமை சமவெளியில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு. இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் யாருடைய கையிலும் இல்லாமல் போகிறது.

அட்டைகளின் பதினெட்டு ஆண்டுகள்

காப்பீட்டு அட்டை இம்மக்களுக்குப் புதிதல்ல. 2008 இல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வஸ்த்ய பீமா யோஜனா, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்றது. நிறுவனங்கள் டெண்டரில் போட்டியிட்டன. தமிழ்நாட்டில் 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஒரு தனியார் நிறுவனம் வழியாகத் தொடங்கியது. 2012 இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான திட்டம் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவிடம் சென்றது. 2018 செப்டம்பர் 23 அன்று ஆயுஷ்மான் பாரத் வந்து தொகையை 5 லட்சம் ஆக்கியது. கேரளத்தில் 2019 இல் தொடங்கிய காருண்யா ஆரோக்ய சுரக்ஷா பத்ததி முதல் ஆண்டில் காப்பீட்டு நிறுவனம் வழியாக நடந்தது. 2020 ஜூலை முதல் மாநில சுகாதார முகமையே நேரடியாக நடத்துகிறது. இடைத்தரகராக நிறுவனம் தேவையில்லை என்ற முடிவுக்கு அனுபவமே கேரளத்தைக் கொண்டுவந்தது.

இத்திட்டங்களால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. இதய அறுவைச் சிகிச்சைக்கு நிலத்தை விற்க வேண்டியிராத குடும்பங்கள் உண்டு. அதைச் சிறுமைப்படுத்துவது தவறு. ஆனால் இவை அடிப்படையில் படுக்கையில் சேர்ந்தவருக்கான திட்டங்கள். கொழுந்துச் சாக்கு சுமக்கும் பெண்ணின் முதுகுவலிக்கும், மாதந்தோறும் வாங்க வேண்டிய சர்க்கரை மாத்திரைக்கும், குளிர்காலத்து மூச்சுத்திணறலுக்கும் இவற்றில் பெரும்பாலும் இடமில்லை. ஏழைக் குடும்பம் பையிலிருந்து செலவழிப்பது பெரிதும் இவற்றுக்கே. ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி 2021-22 இல்கூட நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது. அரசுகள் செலவழித்தது உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025 க்குள் 2.5 சதவீதம் என்று 2017 ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்திருந்தது.

சந்தையை நெறிப்படுத்தும் திறன் இந்த அரசமைப்புக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு 2023 ஆகஸ்டில் வெளிவந்த கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை விடை சொல்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். முன்பே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சையளித்ததாகக் கூறி 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது. இத்தகைய முறைகேடு கண்ட மாநிலங்களில் கேரளமும் ஒன்று என்பதை மறைக்கத் தேவையில்லை. நெதர்லாந்து 19 ஆண்டு உழைத்துத் திரட்டிய நோய்க்கணக்கு எங்கே, இறந்தவர் யார், இருப்பவர் யார் என்றே தெரியாத இந்தப் பதிவேடு எங்கே? நெறியாளர் இல்லாத இடத்தில் ‘நெறிப்படுத்தப்பட்ட போட்டி’ வெறும் போட்டியாகவே எஞ்சும்.

பழையதைக் காப்பது மட்டும் போதாது

தோட்ட மருத்துவமனைகள் எல்லாம் சிறப்பாக இருந்தன, இஎஸ்ஐயில் குறையே இல்லை என்று வாதிடுவது தொழிலாளியின் அனுபவத்தை அவமதிப்பதாகும். மருத்துவர் இல்லாத, ஒரே மாத்திரையை எல்லா நோய்க்கும் நீட்டிய டிஸ்பென்சரிகள் மலையெங்கும் இருந்தன. 2000 த்தையொட்டித் தேயிலை விலை சரிந்து பீருமேடு வட்டாரத்தில் தோட்டங்கள் மூடப்பட்டபோது, வேலையோடு மருத்துவமும் போனது. முதலாளியின் லாபத்தோடு கட்டப்பட்ட உரிமையின் பலவீனம் அது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண்கள் சாலையில் அமர்ந்தபோது, போனஸ் வெட்டோடு லயங்களின் அவலமும் பொதுவெளிக்கு வந்தது. அவர்களின் கோபம் நிர்வாகத்தின்மீது மட்டுமல்ல, தொழிற்சங்கங்கள்மீதும் இருந்தது. மருத்துவ உரிமைக்கான போராட்டம் அந்த விமர்சனத்தை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க முடியும்.

ஆனால் சரியில்லாத மருத்துவமனைக்கு மருந்து, அதைச் சரிசெய்வது. ஆய்வாளர் வராவிட்டால் வரவைப்பது. மூடிய தோட்டத்தின் மருத்துவமனையை அரசு ஏற்பது. ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறினால் வீட்டின் கூரையைப் பிரித்துவிட்டுக் காற்று வரும் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். சட்டத்தொகுப்புகளை நடைமுறைப்படுத்தமாட்டோம் என்று 2025 நவம்பரில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு அறிவித்தது. எந்த அரசு அமைந்தாலும் மாநிலம் அந்த நிலையிலிருந்து இறங்கக் கூடாது. 92 ஆவது பிரிவின் ‘அல்லது’ நீக்கப்பட்டு, மருத்துவ வசதி முதலாளியின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாக மீட்கப்பட வேண்டும். இஎஸ்ஐ வருமானால் அது கூடுதலாக வர வேண்டும். மலைமேல் மருத்துவருடன் மருந்தகம் திறந்து இயங்கும்வரை எந்தத் தோட்ட மருத்துவமனையும் மூடப்படக் கூடாது. தேர்வு என்று ஒன்று இருந்தால் அது வாக்கெடுப்பின் மூலம் தொழிலாளரிடமே இருக்க வேண்டும். இஎஸ்ஐயிலிருந்து நலமானவர்களைப் பிரித்தெடுத்துத் தனியார் காப்பீட்டுக்கு அனுப்பும் எந்தத் திருத்தமும் ஏற்கப்படக் கூடாது. புறநோயாளிச் சிகிச்சையும் மாத மருந்தும் இலவசமாக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்காகத் தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி வரும் பெண்களிடம் இருப்பது தமிழ்நாட்டு அட்டை. லயத்தில் வாழும் குடும்பத்திடம் இருப்பது கேரள அட்டை. ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவரிடம் பல நேரங்களில் எந்த அட்டையும் இருப்பதில்லை. மூவரும் மிதிப்பது ஒரே மண். மூவரையும் கடிப்பது ஒரே அட்டை. மாநில எல்லை போடிமெட்டில் இருக்கலாம், நோய்க்கு அங்கே சோதனைச் சாவடி இல்லை. இரு மாநில அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டு, எந்த அட்டை என்று கேட்காமல் இருபுறத்து அரசு மருத்துவமனைகளிலும் இவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும்.

விடுதலைக்கு முன்பே, 1946 இல், போர் குழு ஒரு நெறியை வகுத்தது: பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது. எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே அந்த நெறியில் எழவில்லை. 2015 இல் ஒரு நிதியமைச்சர் தொழிலாளரைப் பிணைக்கைதி என்றார். அடுத்த குடும்பத்தின் நோய்க்காகத் தன் ஊதியத்தில் ஒரு பங்கைத் தருபவர் பிணைக்கைதியல்லர். இன்று நலமாக இருக்கும் இளைஞர் நாளை நோயுறும் முதியவர் என்பதை அறிந்தவர் அவர். தொழிற்சங்கம் எந்த அறிவின்மீது கட்டப்பட்டதோ, பொது மருத்துவமும் அந்த அறிவின்மீதே கட்டப்பட்டது.

அந்த அறிவை ‘அல்லது’ என்ற ஒரு சொல்லுக்கு விட்டுக்கொடுக்க இந்த மலை சம்மதிக்கலாகாது.